கழுவிய பிறகு காடி ஸ்டார்ட் ஆகாவிட்டால்

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

ஆயுத பூஜைக்காகக் காடியைக் கழுவக் கொடுத்த இடத்தில் போனெட்டைத் திறந்து இன்ஜினுக்கும் ஜெட் தண்ணீர் அடித்துவிட்டார்களாம், உன் மைவி கார் இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லையாம். அம்மா சொன்னாள். முதலில் சாவியைத் திருப்புவதை நிறுத்து, கண்ணு. திருப்பிக்கொண்டே இருந்தால் பேட்டரி இறங்கும், ஸ்பார்க் பிளக் பெட்ரோலில் நனையும். ஒரு கோளாறு மூன்றாகும்.

ஒரே ஒரு முறை, ஐந்து விநாடி மட்டும் திருப்பிக் காதைக் கொடு. 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தாலோ, சத்தமே இல்லாவிட்டாலோ பேட்டரிப் பக்கம் பார். டெர்மினல் கையால் அசைத்தால் ஆடக்கூடாது. மீட்டர் வைத்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. போனெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்து, ரிலே என்ற சின்ன மின் சுவிட்சுகளின் காலில் ஈரம் இருந்தால் உருவித் துடைத்து அதே இடத்தில் சொருகு.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால் பேட்டரி மாற்றச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதே. கழுவிய பிறகு இப்படி ஆனால், நான் முதலில் பார்க்கும் இடம் பிளக் குழி. உன் 1.3 மைவியில் நாலு பிளக்கும் கிணறு போன்ற குழிக்குள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் தலையிலும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு காயில். ஜெட்டின் அழுத்தத்தில் காயில் ரப்பரைத் தாண்டித் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அப்போது மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் ஈரத்தின் வழியே குழியின் சுவருக்கு ஓடிவிடும். பொறி வராது.

சாவியை எடுத்துவிட்டு, மேலே எது மறைத்தாலும் அதைக் கழற்று. காயில் கனெக்டரின் நாக்கை அழுத்தி உருவு. வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. 10 மில்லி போல்ட்டைக் கழற்றி, காயிலை லேசாகத் திருகியபடி மேலே தூக்கு. குழிக்குள் டார்ச் அடி. தண்ணீர் மின்னினால் பிளக்கைத் தொடாதே. இப்போது கழற்றினால் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் விழும். குச்சியில் பழந்துணி சுற்றி ஒற்றி எடு, அல்லது டயர் கடைக் காற்றைக் குறைவாக வைத்து ஊது. கண்ணாடி போட்டுக்கொள், தண்ணீர் முகத்துக்குத்தான் வரும். காயில் ரப்பரைத் துடைத்து வெயிலில் ஒரு மணி நேரம் வை. அதில் வெடிப்போ எரிந்த கோடோ தெரிந்தால் அந்தக் காயில் மாற்றத்தான் வேண்டும், காய்ந்தாலும் அதன் வழியே மறுபடி மின்சாரம் கசியும். நல்லதாக இருந்தால் ரப்பரின் உள்விளிம்பில் சிலிகான் கிரீஸ் மெல்லியதாகப் பூசி மாட்டு.

குழிகள் காய்ந்தும் பிடிக்காமல் பெட்ரோல் வாடை அடித்தால், எண்ணெய் மிதியை (ஆக்சிலரேட்டர்) தரையோடு அழுத்தியபடி ஐந்து விநாடி சுற்று. இன்ஜெக்‌ஷன் காடிகள் பெரும்பாலும் அப்போது பெட்ரோலை நிறுத்திவிடும். நனைந்த பிளக் காயும். ஸ்டார்ட்டருக்கு ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்துத்தான் அடுத்த முறை. அதற்கும் மசியாவிட்டால் போமனிடம் (மெக்கானிக்) கோளாறு எண் காட்டும் ஸ்கேனர் போடச் சொல். P0335 என்ற எண் வந்தால், இன்ஜின் சுற்றுவதை அறியும் கிராங்க் சென்சர் பக்கம் பார்க்க வேண்டும். கனெக்டரைத் திறந்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவைக்கச் சொல்.

ஸ்டார்ட் ஆகி உதறினால் ஒரு சிலிண்டர் எரியவில்லை. இன்ஜின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் ஓட்டாதே. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும். அதன் விலைக்கு நாலு காயிலும் வாங்கலாம்.

அடுத்த முறை இங்கே தோட்டத்துப் பாதையில் வந்து செம்மண் அப்பினாலும் இன்ஜினுக்கு ஜெட் வேண்டாம். சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் கனெக்டருக்குள் இருக்கும் காற்று சுருங்கி, தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஆறவிட்டு, பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காயில், காற்று உறிஞ்சும் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடி, ஈரத்துணியும் பிரஷும் போதும். இந்த மழைக்காலத்தில் போனெட்டை மூடி ராத்திரி விட்டால் எதுவும் காயாது, பகல் வெயிலில் திறந்து வை.

காயிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு இரவு போன் செய். எத்தனையாவது குழியில் தண்ணீர் நின்றது என்று சொல்.

அப்பா