உறைமண் மீது தார் போடுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லடாக்கின் உம்லிங் லா கணவாயில் 19,000 அடிக்கும் மேலே தார்ச்சாலை போடப்பட்டதை 2021-இல் எல்லாப் பத்திரிகைகளும் பெருமையோடு வெளியிட்டன. அந்தக் குளிரிலும் காற்றிலும் வேலை செய்தவர்களின் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் இத்தகைய சாலையில் விரிசலோ பள்ளமோ கண்டால் தார் கலவை மோசம், ஒப்பந்ததாரர் ஏமாற்றிவிட்டார் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 5,000 மீட்டருக்கு மேலே தாருக்கு அடியிலும் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே பெர்மாஃப்ராஸ்ட் எனப்படும் உறைமண் இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

தொடர்ந்து 2 ஆண்டுகளாவது வெப்பநிலை 0 டிகிரியைத் தாண்டாத மண் உறைமண். அதன் மேலடுக்கு மட்டும் கோடையில் இளகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும். பாறையோ, ஈரமில்லாத சரளையோ உறைந்திருந்தால் சாலைக்குப் பெரிய ஆபத்தில்லை. வண்டல் மண்ணில் பனிக்கட்டி பாளம் பாளமாகக் கலந்திருந்தால்தான் சிக்கல். மண்துகள்களின் இடைவெளியில் அடங்காத உபரிப் பனிக்கட்டி 30 சதவீதம் என்றால், 3 மீட்டர் ஆழம் இளகும்போது தரை சுமார் 90 செ.மீ. இறங்கும். எந்தத் தார்க் கலவையும் இதைத் தாங்காது. இறக்கம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதும் இல்லை. அதனால்தான் சாலை அலை அலையாக நெளிகிறது.

கறுப்புத் தார் வெயிலைப் பெருமளவு உள்ளிழுக்கிறது. சீனாவில் 1954-இல் திறக்கப்பட்ட சிங்காய்–திபெத் நெடுஞ்சாலைக்குப் பின்னாளில் தார் போட்டபோது இது தெளிவாகத் தெரிந்தது: தார்ப்பரப்பின் அடியில் உறைமண் வேகமாக இளகிக் கீழே போனது. சாலை அகலமாக அகலமாக நடுப்பகுதியில் தேங்கும் வெப்பம் கூடும். அதே திபெத்தியப் பீடபூமியில் 2006-இல் ஓடத் தொடங்கிய ரயில்பாதை, உறைமண்ணில் ஏறத்தாழ 550 கி.மீ. செல்கிறது. அதைக் கட்டியவர்கள் மண்ணைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதையே வடிவமைப்பின் நோக்கமாகக் கொண்டார்கள். மிக மோசமான இடங்களில் மண்ணையே தொடாமல் பாலம் கட்டிக் கடந்தார்கள். சிங்ஷுய்ஹே பாலத்தின் நீளம் மட்டும் 11.7 கி.மீ.

சேதம் பெரும்பாலும் சாலையின் நடுவில் தொடங்குவதில்லை, ஓரத்தில்தான் தொடங்குகிறது. இதை வலியுறுத்தவே இக்கடிதம். டோசர் தள்ளிய பனி, சாலையைத் தாங்கும் மண்மேட்டின் சரிவில் குவிகிறது. அது கம்பளிபோல் மூடிக்கொள்வதால் குளிர்காலக் குளிர் மண்ணுக்குள் இறங்குவதில்லை. கோடையில் இளகிய மண் முழுதாக மறுபடி உறையாமல் போகிறது. ஆண்டுதோறும் அந்த இளகிய அடுக்கு தடிக்கிறது. பிறகு சாலையோரம் வெளிப்பக்கம் சாய்ந்து, நீளவாக்கில் விரிசல் ஓடும். விரிசல் வழியே நீர் இறங்கும். ஓடும் நீர் கொண்டுவரும் வெப்பம், தாரின் வழியே இறங்கும் வெப்பத்தைவிட வேகமாகப் பனிக்கட்டியை உருக்கவல்லது. கனடாவின் யூகான் பகுதியில் பீவர் கிரீக் அருகே அலாஸ்கா நெடுஞ்சாலையில் 2008-இல் அமைத்த 12 சோதனைப் பகுதிகளில், மேட்டின் அடியில் ஊடுருவும் நிலத்தடி நீரின் இந்தப் பாதிப்பு அளந்தே காட்டப்பட்டது.

ஆகவே முதல் வேலை நீரை விலக்குவது. நம் ஊர்ப் பழக்கப்படி சாலையை ஒட்டி வடிகால் வெட்டினால் இங்கே கெடுதல்தான். மேல்மண்ணை அகற்றியதும் அடியிலுள்ள பனிக்கட்டி வெயிலைப் பார்க்கும், வடிகாலே குளமாகும். நீர் வரும் மலைப்பக்கத்தில், சாலையிலிருந்து தள்ளி, தோண்டாமல், மண்ணைக் கொட்டித் தாழ்ந்த கரை எழுப்பி நீரைத் திருப்ப வேண்டும். கல்வெர்ட்டின் (சாலைக்கு அடியில் நீர் கடக்கும் சிறுபாலம்) வாயில் நீர் தேங்காமல் இருக்கிறதா என்று பனி உருகும் பருவத்தில் பார்க்க வேண்டும். பனி அதிகம் விழும் இடத்தில் சரிவை 1-க்கு 6 (1 மீட்டர் உயரத்துக்கு 6 மீட்டர் அகலம்) அல்லது அதைவிட மட்டமாக வைத்தால் காற்றே பனியை அடித்துக்கொண்டு போகும். பனி குறைவான வறண்ட லடாக்கில் பல இடங்களில் வெயிலும் உருகுநீரும்தான் முதல் எதிரிகள்.

அடுத்து, சாலைக்கு அடியில் போடும் கல்லடுக்கு. ஏறத்தாழ 10 முதல் 30 செ.மீ. வரையிலான, பொடி கலக்காத உடைகற்களை 1 மீட்டருக்கு மேல் தடிமனாக அடுக்கினால், குளிர்காலத்தில் மேலுள்ள குளிர்க்காற்று கற்களின் இடைவெளியில் இறங்கி, அடியிலுள்ள சூடான காற்றை மேலே தள்ளும். கோடையில் சூடான காற்று மேலேயே நின்றுவிடும், ஓட்டம் நின்றுபோகும். மின்சாரம் வேண்டாம், பழுதாக இயந்திரம் இல்லை. சரிவுக்கற்கள் கொட்டிக் கிடக்கும் மலையில் இதற்குச் செலவும் குறைவு. ஆனால் கல்லைச் சலிக்காமல் கொட்டினால் இடைவெளி அடைபட்டு அது வெறும் கிராவல் மேடாகிவிடும். மேலேயிருந்து மண் இறங்காமல் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும். காற்றில் வரும் மணலும் இடைவெளிகளை அடைக்கும்.

கல்லடுக்கு போதாத இடத்துக்கு வெப்பக் குழாய். அடைத்த இரும்புக் குழாயில் அமோனியாவோ கார்பன் டை ஆக்சைடோ இருக்கும். அடியில் ஆவியாகி, மேலே குளிர்ந்து, திரவமாகிக் கீழே வழியும். குளிர்காலத்தில் மட்டும் மண்ணின் வெப்பத்தை வெளியேற்றும். அலாஸ்கா எண்ணெய்க் குழாய்ப் பாதையின் தூண்களில் இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழாய்கள் உள்ளன. ஃபேர்பேங்க்ஸ் நகரின் தாம்சன் டிரைவ் சாலையில் வளைத்த குழாய்களைத் தாருக்கு அடியிலேயே பதித்தார்கள். வாயு கசிந்தால் குழாய் வெளியே அப்படியே நிற்கும், வேலை செய்யாது. கடுங்குளிர் இரவில் வெப்பக் கேமராவில் பாருங்கள்: குழாயின் தலை சுற்றுக் காற்றைவிடச் சூடாகத் தெரிந்தால் உயிரோடு இருக்கிறது.

தெர்மோகோல் வகைக் கெட்டிப் பலகைகளை அடியில் பதிக்கும் முறையைப் பலர் எளிய தீர்வாக நினைக்கிறார்கள். அது வெப்பம் இறங்குவதைத் தாமதப்படுத்தும், மண்ணைக் குளிர்விக்காது. மண் ஏற்கெனவே மைனஸ் 1 டிகிரிக்கு மேலே இருந்தால் தாமதத்தைத் தவிர வேறு பயனில்லை. குளிர்கால முடிவில், மண் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது பதிக்க வேண்டும். இலையுதிர் பருவத்தில் பதித்தால் கோடை வெப்பத்தை உள்ளே பூட்டியதாகிவிடும்.

வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சுக்கும் வரலாறு உண்டு. கிரீன்லாந்தின் தூலே விமானதள ஓடுபாதையில் 1950-களிலேயே பூசினார்கள். காங்கர்லுஸ்ஸுவாக் விமான நிலையத்தில் விமானம் நிறுத்துமிடத்துக்கு 2000-இல் பூசினார்கள். பூச்சு வழுக்கும், பனி அள்ளும் இயந்திரம் அதைச் சுரண்டும், அடிக்கடி புதுப்பிக்கவும் வேண்டும். சாலைக்கு வெளிர்நிற ஜல்லியை மேற்பரப்பில் பதிப்பது நீடிக்கும்.

இறங்கிய இடத்தில் மறுபடி மறுபடி தார் கொட்டுவதே மிக வீணான செலவு. ஒவ்வொரு புதிய அடுக்கும் பழையதைவிடக் கறுப்பு. பனிக்கட்டி மிகுந்த நீளங்களைக் கிராவல் சாலையாகவே விடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலை இன்றும் பெருமளவு அப்படித்தான் இருக்கிறது. இறங்கினால் கிரேடர் ஒருநாளில் சமன் செய்துவிடும்.

எல்லைச் சாலைகள் அமைப்புக்கு எங்கள் கோரிக்கை இதுதான். உறைமண் வாய்ப்புள்ள ஒவ்வொரு நீளத்திலும் தார் போடுமுன் 10 முதல் 15 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, மண் மாதிரியை உருகவிடாமல் எடுத்துப் பனிக்கட்டி அளவைப் பதிவு செய்ய வேண்டும். துளைகளுக்கு இடையே தப்பிவிடும் பனிக்கட்டிப் பாளங்களை மின்தடை அளவீட்டால் தேட வேண்டும். துளையில் தெர்மிஸ்டர் கேபிள் (வெப்பநிலை உணரிகள் கோத்த கம்பி) இறக்கி, குறைந்தது ஓராண்டு வெப்பநிலை பார்த்த பிறகே வடிவமைக்க வேண்டும். மைனஸ் 0.2 டிகிரியில் அளவு ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றால் மகிழ வேண்டாம். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வேண்டும், வெப்பம் முழுவதும் அதற்கே செலவாகிக்கொண்டிருக்கலாம். துளையிடல், கேபிள், அளவெடுப்பு மூன்றையும் ஒப்பந்தப்புள்ளியில் தனித்தனி இனங்களாகச் சேர்த்து, அளவுகளைப் பராமரிப்புப் பிரிவின் கையில் ஒப்படைக்க வேண்டும்.

இப்படிக்கு,
நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் இருவர்,
திருச்சிராப்பள்ளி.