செயலாளர் ஆண்டறிக்கை: பேச்சுவார்த்தையா, பொருளாதாரத் தடையா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, காட்பாடி, குடியாத்தம், ஆற்காட்டிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் விடுபடாமல் நடந்தன. அக்கினி நட்சத்திர நாட்களில் மட்டும் மாலை ஆறரைக்குத் தொடங்கினோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டின் பெரிய விவாதம் ஒன்றைப் பற்றியே நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். அணு ஆயுத முயற்சியில் இறங்கும் நாட்டைக் கட்டுப்படுத்த உதவுவது பேச்சுவார்த்தையா, பொருளாதாரத் தடையா என்பது தலைப்பு.

விவாதத்துக்கு முந்தைய கூட்டத்தைப் பயிற்சிக்கு ஒதுக்கினோம். செறிவூட்டல் சதவீதம், அதாவது யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யு-235 வகையின் பங்கு, புரியாமல் பேசினால் ஈரான் பற்றிய வாதம் எல்லாம் காற்றில் போய்விடும். அதனால் மேசைமேல் ஆயிரம் புளியங்கொட்டைகளைக் கொட்டி, ஏழுக்கு மட்டும் சுண்ணாம்பு பூசினோம். இயற்கை யுரேனியத்தில் யு-235 இருப்பது அந்த அளவுதான், 0.7 சதவீதம். வெறும் கொட்டைகளில் 825-ஐ ஒதுக்கினால் மீதி 175. அதில் ஏழு என்றால் 4 சதவீதம், மின் உலைக்கான எரிபொருள். இன்னும் 140 போனால் 20 சதவீதம். அடுத்து 23 போனால் ஏறக்குறைய 60. அதன்பின் நான்கே நான்கு போதும், 90-ஐ நெருங்கிவிடும்; அது ஆயுதத் தரம். நடைமுறையில் கழிவோடு கொஞ்சம் யு-235-ம் போகும், ஆனால் கணக்கின் போக்கு இதுதான். உழைப்பில் பெரும்பகுதி முதல் கட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஈரானும் வல்லரசுகளும் செய்துகொண்ட 2015 ஒப்பந்தம் 3.67 சதவீதத்தில் கோடு போட்டதன் காரணம் அப்போதுதான் பலருக்கும் விளங்கியது.

தடை அணி 2012-ஐ முன்வைத்தது. அந்த மார்ச்சில் ஈரான் வங்கிகள், உலக வங்கிகள் பணப் பரிமாற்றச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டன. ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. ஏற்றுமதி பாதிக்கும் கீழே சரிந்தது. அந்த நெருக்கடி இல்லாமல் ஈரான் மேசைக்கு வந்திருக்குமா என்று கேட்டார்கள். வலுவான கேள்வி.

எதிரணியின் பதில் அதைவிட வலுவானது. தடைகள் இறுகிய அதே ஆண்டுகளில்தான், 2006-ல் சில நூறாக இருந்த, யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரங்கள் 2013-ல் சுமார் 19,000 ஆகின. அவற்றைக் குறைத்தது ஒப்பந்தம்: நடான்ஸ் நிலையத்தில் செறிவூட்டலுக்கு 5,060 இயந்திரங்கள், செறிவூட்டிய யுரேனியக் கையிருப்பு 300 கிலோ, புளூட்டோனியம் தரக்கூடிய அராக் உலையின் கலத்தில் கான்கிரீட், எங்கும் சர்வதேச அணுசக்தி முகமையின் கேமராக்களும் முத்திரைகளும். 2018 மே மாதம் அமெரிக்கா விலகித் தடைகளைத் திரும்பக் கொண்டுவந்தது. 2021 ஏப்ரலில் ஈரான் 60 சதவீதத்தைத் தொட்டது. 2022 ஜூனில் 27 கேமராக்களைக் கழற்றியது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் நடத்திய தாக்குதல்களுக்கு முன் 60 சதவீதக் கையிருப்பு 440 கிலோ அளவில் இருந்தது.

வடகொரியாவைப் பற்றி இரு அணியுமே பாதிதான் சொன்னார்கள். அமெரிக்காவோடு செய்த 1994 ஜெனீவா ஒப்பந்தம், வடகொரியாவின் யோங்பியோன் அணு உலையை நிறுத்தி வைத்தது. பதிலுக்கு மின்சாரத்துக்கு இரண்டு மென்னீர் அணு உலைகள் (சாதாரண நீரில் இயங்குபவை), ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் எரி எண்ணெய் என்பது வாக்கு. உலைகள் கட்டி முடிக்கப்படவே இல்லை. வடகொரியாவும் மறைவில் செறிவூட்டல் வழியைத் தேடியது. 2002-ல் ஒப்பந்தம் முறிந்தது; 2006-ல் முதல் அணுகுண்டுச் சோதனை. அதன்பின் ஐநா தடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தும் 2017-க்குள் மேலும் ஐந்து சோதனைகள் நடந்தன.

மருத்துவமனை ஊரான வேலூரில் இதையும் சொல்லியாக வேண்டும். மருந்துக்குத் தடை இல்லை என்றுதான் உத்தரவில் இருக்கும். ஆனால் அபராதத்துக்குப் பயந்து வங்கிகள் பணத்தைக் கைமாற்ற மறுக்கும். மருந்து துறைமுகத்துக்கே வராது. அடிபடுவது நோயாளி, செறிவூட்டல் நிலையம் அல்ல. இந்தியா 2012-லிருந்து எண்ணெய் விலையில் 45 சதவீதத்தை யூகோ வங்கியில் ரூபாயாகச் செலுத்தியதையும், ஈரான் அதைக்கொண்டு பாஸ்மதி வாங்கியதையும் ஓர் உறுப்பினர் எடுத்துக்காட்டினார்.

நடுவர் பேச்சுவார்த்தை அணிக்கு வெற்றி அளித்தார். என் கருத்தும் அதுவே, ஒரு திருத்தத்தோடு: தடைக்கு மதிப்பு உண்டு, அதை நீக்குவோம் என்ற வாக்கு நம்பப்படும் வரை மட்டும். வாக்கு பொய்த்தால் அடுத்த முறை மிரட்டலும் பலிக்காது, சலுகையும் பலிக்காது.

விவாதத்தில் கண்ட பெரிய குறை, ஐநா தடையையும் அமெரிக்கா தனியாக விதித்த தடையையும் பேச்சாளர்கள் குழப்பியது. 2016-ல் நீங்கி 2025 செப்டம்பரில் மீண்டும் வந்தவை ஐநா தடைகள். 2018-ல் திரும்பியவை அமெரிக்காவின் தடைகள். இனித் தடை என்று சொல்பவர் யார் விதித்தது, எந்த ஆண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லையேல் நடுவர் மணியடிப்பார்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு பரிந்துரைக்கும் தலைப்பு, 1988-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட, அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்ற உடன்பாடு. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1-லும் இரு நாடுகளும் நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. போர்ச் சூழலிலும் இது நிற்கவில்லை. பேச விரும்புவோர் நூலகப் பதிவேட்டில் பெயர் எழுதவும்.

அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்
வேலூர்