தடுப்பூசி நாளில் வாயையும் பாருங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் பற்சொத்தை பற்றி உங்கள் துறைக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பல் நோயும் உண்டு. மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும் என்ற விதியும் உண்டு. எங்கள் ஊருக்கும் வருகிறார்கள். எடை பார்க்கிறார்கள், உயரம் அளக்கிறார்கள். மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை.

என் தங்கை மகளுக்கு நான்கு வயது. மேல் முன்பற்கள் கரைந்து, ஈறோடு கறுத்த துணுக்குகளாக நிற்கின்றன, கடைவாயில் சீழ். சோற்றைக் குழைத்துக் கரைத்தால்தான் விழுங்குகிறாள். நள்ளிரவில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு எழுந்து அழுகிறாள். எடை குறைந்ததை அட்டையில் குறித்தவர்கள், வெல்லம் சேர்த்த சத்துமாவு கொடுத்து அனுப்பினார்கள். பிள்ளை ஏன் சாப்பிடவில்லை என்று வாய்க்குள் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது மயக்க மருந்து கொடுத்துத்தான் சிகிச்சை என்கிறார்கள். அதற்குத் தேதி கிடைக்கக் காத்திருக்கிறோம்.

சர்க்கரை போட்ட பால் புட்டியோடு தூங்கிய குழந்தை அவள். தூக்கத்தில் உமிழ்நீர் குறையும், இனிப்பு பல்லிலேயே தேங்கும் என்று என் தங்கையிடம் யார் சொன்னார்கள்? "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்றுதான் சொன்னார்கள். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை மென்று தர வேண்டியவை.

கேட்பது பெரிதல்ல. ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதிலும் தடுப்பூசிக்கு வரும் குழந்தையின் உதட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈறோரம் வெள்ளைக் கோடு தெரியும்போதே பிடித்தால், ஃபுளோரைடு பூசிச் சொத்தையைத் தடுக்க வழியிருக்கிறது. அரிசி அளவு ஃபுளோரைடு பேஸ்ட் போதும் என்று அந்தத் தாயிடம் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? சொத்தை பரவாமல் நிறுத்தும் சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு 2021 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பட்டியலில் எப்போது வரும்?

மார்ச் 20 வாய் சுகாதார நாள் ஊர்வலங்களில் குறையொன்றும் இல்லை. ஆளுயர அட்டைப் பிரஷ்கூட அழகாகத்தான் இருக்கிறது. முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுப்பதை மட்டும் விட்டுவிடலாம்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. தடுப்பூசி போடும் புதன்கிழமைகளில் குழந்தையின் வாயையும் பார்த்து, தாய் சேய் அட்டையில் எழுதச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்தக் குழந்தையின் பெரியம்மா