கிலோ 22 ரூபாய் உதவி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பெருந்தொற்றுக் காலத்தைத் திரும்பிப் பார்க்கும் கட்டுரையில், ‘தொண்டு நிறுவனங்களையும் அரசு கைவிடவில்லை’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. எந்த நாட்டு அரசு என்பதைக் கட்டுரையாளர் சொல்லவில்லை. பிரிட்டனைச் சொல்கிறார் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. 2020 ஏப்ரல் 8 அன்று அந்நாட்டு நிதியமைச்சர் ரிஷி சுனக் தொண்டு அமைப்புகளுக்கென்றே 75 கோடி பவுண்டு அறிவித்தார். வேலை நின்றுபோன ஊழியர்களுக்கு 80 சதவீதச் சம்பளம் கிடைக்கச் செய்த திட்டம் அங்குள்ள தொண்டு நிறுவன ஊழியர்களுக்கும் பொருந்தியது. அதுவும் போதாது என்று அவர்கள் குரல் எழுப்பினார்கள். கொடுத்து வைத்தவர்கள். போதவில்லை என்று சொல்வதற்கும் முதலில் ஏதாவது கைக்கு வர வேண்டுமே!

நாங்கள் பாலக்கோடு பக்கம் ஒரு முதியோர் இல்லம் நடத்துகிறோம். இங்கே அடுப்பு எரிவது பிறந்தநாள்களாலும் நினைவுநாள்களாலும்தான். அப்பாவின் திதிக்கு ஒரு வேளைச் சாப்பாடு, பேத்தியின் பிறந்தநாளுக்குப் பாயசம் என்று ஊர்க்காரர்கள் கொடுப்பதை வைத்தே மாதம் ஓடும். ஊரடங்கில் வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்றார்கள். நியாயம்தான், வயதானவர்கள் இருக்கும் இடம். ஆனால் ஆள் வராத இடத்துக்குப் பணம் மட்டும் எப்படி வரும்? விலை போகாத தக்காளியை விவசாயிகள் கூடை கூடையாக வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அந்தப் புண்ணியத்தில் சில வாரங்கள் மூன்று வேளையும் தக்காளி. மளிகைக் கடைக்காரர் கடனுக்குக் கொடுத்தார். எங்களைக் கைவிடாதவர்கள் என்றால் இவர்களைத்தான் சொல்வேன்.

அரிசி அட்டைதாரர்களுக்கு 2020 ஏப்ரலில் 1000 ரூபாயும், மறு ஆண்டு இரண்டு தவணைகளில் 4000 ரூபாயும் மாநில அரசு கொடுத்தது உண்மை. எங்கள் பாட்டிகளில் பலருடைய பெயர் மகன் வீட்டு அட்டையில் இருக்கிறது. பணம் மகன் வீட்டில், பாட்டி எங்கள் வீட்டில்.

மத்திய அரசும் சும்மா இருந்துவிடவில்லை. ஒத்துழைப்புத் தாருங்கள் என்று மத்திய அரசின் திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 92 ஆயிரம் தொண்டு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. இந்திய உணவுக் கழகக் கிடங்கில் ஏலமில்லாமல் கிலோ 22 ரூபாய்க்கு அரிசி வாங்கி ஏழைகளுக்குச் சமைத்துப் போடலாம் என்றார்கள். அதாவது அரசின் அரிசியை நாங்கள் காசு கொடுத்து வாங்கி அரசின் வேலையைச் செய்ய வேண்டும். மாநிலத்திலோ, தன்னார்வலர்கள் நேரடியாக எதையும் வழங்கக் கூடாது என்று அதே 2020 ஏப்ரலில் அறிவிப்பு வந்து, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது தங்களுக்குத் தெரியாததல்ல.

அந்த நாட்களில் பெங்களூரு சாலையில் மூட்டை முடிச்சோடு நடந்துவந்த கட்டடத் தொழிலாளர்களுக்குச் சாம்பார் சாதம் கட்டிக் கொடுத்தோம். ஓர் அலுவலகத்திலிருந்தும் போன் வரும்: ‘நூறு பொட்டலம் தயார் செய்துவிடுங்கள்.’ செய்தோம். அவர்கள் வந்து வாங்கிப்போய்க் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு எங்களுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அதைக் காட்டி எந்தக் கடையிலும் பருப்பு கேட்க முடியாது.

கொடுக்காவிட்டால் போகட்டும், வருவதையாவது விட்டு வைத்தார்களா? ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகள் சட்டப்படி லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சமூகப் பொறுப்பு நிதியில் ஏதோ கொஞ்சம் எங்களைப் போன்றவர்களுக்குக் கசியும். பெருந்தொற்று நிவாரணத்துக்கென்று தொடங்கிய பிரதமரின் பி.எம். கேர்ஸ் நிதிக்குக் கொடுத்தாலும் அந்தக் கணக்கில் சேரும் என்றதும் கம்பெனிகளின் பார்வை டெல்லிப் பக்கம் திரும்பிவிட்டது. (முதலமைச்சரின் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் சேராதாம். அது வேறு கதை.) பெரிய அமைப்பு ஒன்று தனக்கு வரும் வெளிநாட்டு நன்கொடையில் எங்களுக்கும் ஒரு பங்கு பிரித்துக் கொடுத்துவந்தது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, அப்படிப் பிரித்துக் கொடுப்பதையே தடை செய்தார்கள். நாடே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அந்த ஆண்டில் இதற்கா அவசரம்?

அதே ஆண்டு நிதிச் சட்டம், பல காலமாக வருமான வரி விலக்குக்கான 12ஏ பதிவு வைத்திருந்த அறக்கட்டளைகளையும் மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னது. நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி அனுமதி உள்ளவர்கள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று சொல்லும் படிவம் 10பிடியை 2022 முதல் ஆண்டுதோறும் மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். நன்கொடையாளர் பெயர், முகவரி, பான், ஆதார் போன்ற ஓர் அடையாள எண் எல்லாம் அதில் வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்ட வேண்டும். மனைவியின் நினைவுநாளுக்கு 500 ரூபாயைக் கையில் திணித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பெரியவரிடம் நான் பான் கார்டு கேட்க வேண்டும். ஆடிட்டருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு மாத எண்ணெய் வாங்கிவிடலாம்.

‘அரசு கைவிடவில்லை’ என்ற அந்த வாக்கியத்தை எதை வைத்து எழுதினார் என்று கட்டுரையாளரிடம் கேட்டு வெளியிட்டால் நன்றாக இருக்கும். அதற்கு இடமில்லை என்றால், இந்தப் படிவத்தை நிரப்பும் முறையை எங்களுக்குப் புரிகிற தமிழில் ஒரு பக்கம் போடுங்கள். ஏப்ரலிலேயே போட்டால் உதவியாக இருக்கும். ஜூனில் போட்டால் அபராதம் கட்டிய பிறகு படித்துக்கொள்கிறோம்.

எங்கள் மானியக் கோப்பு இன்னும் ஒரு மேசையில் இருப்பதால், பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு முதியோர் இல்லத்தின் செயலாளர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.