பூனையைச் சாக்கில் கட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில், மகனுக்கு வீசிங் என்று எழுதிக் கேட்ட ஒரு தாய்க்கு, "வீட்டில் பூனை இருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. இதே பதிலைக் கேட்டுச் சாக்கு தேடியவன் நான் என்பதால் எழுதுகிறேன்.

பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பூனை சின்னான், மழை நாளில் மாடிப்படிக்கு அடியில் கிடந்த குட்டி. அதன் முதுகில் கை போட்டால்தான் பேத்திக்குத் தூக்கம் வரும். 2022 ஆடிக் காற்றில் அவளுக்கு விடியற்காலைத் தும்மலும் கண் அரிப்பும் தொடங்கி, வீசிங்கில் போய் நின்றது. இரண்டு இரவு நெபுலைசர் வைத்தோம். முதலில் பார்த்த டாக்டர், பூனைதான் என்றார். "சோத்துல முடி விழுந்து உள்ளே போயிருக்கும்டா" என்றாள் என் அக்கா. கொள்ளிடத்துக்கு அக்கரையில் விட்டுவிட்டு வாருங்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அக்கரைக்குத்தான் கொண்டுபோனேன், ஆனால் லால்குடியில் தங்கை வீட்டுக்கு. ஸ்கூட்டரில், சாக்குக்குள், வழியெல்லாம் கத்தல்.

இரண்டு மாதம் ஆகியும் வீசிங் நிற்கவில்லை.

பிறகுதான் ஒரு நெஞ்சுநோய் மருத்துவரிடம் போனோம். ஒவ்வாமைப் பரிசோதனைக்காக, செட்டிரிசின் என்கிற அலர்ஜி மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தச் சொல்லி, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க ஒவ்வொன்றின் சாற்றையும் முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து ஊசியால் லேசாகக் கீறினார்கள். இருபது நிமிடத்தில் தடிப்புகள். பெரிய தடிப்பு பூனைக்கு இல்லை, தூசிப் பூச்சிக்கு! பூனை இரண்டாவது. கரப்பான் மூன்றாவது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூசிப் பூச்சி குடியிருந்தது, என் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட இலவம்பஞ்சு மெத்தையில். பேத்தி படுத்தது அதில்தான்.

பூனை விஷயத்திலும் குற்றவாளி முடி இல்லையாம். எச்சிலிலும் தோல் எண்ணெயிலும் இருக்கிற ஒரு புரதம். பூனை நக்கிக்கொள்ளும்போது உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. காய்ந்ததும் காற்றில் பறக்கிறது, திரையிலும் சுவரிலும் ஒட்டிக்கொள்கிறது. பூனையை அனுப்பிய பிறகும் மாதக்கணக்கில் வீட்டில் கிடக்குமாம். லால்குடிப் பயணம் ஏன் பலிக்கவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சின்னான் திரும்பி வந்தான். மெத்தை போனது. புது மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த உறை. விரிப்புகளை வாராவாரம் கொதிக்கிற வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்கிறோம். துணித் திரையை எடுத்துவிட்டோம். பேத்தி பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் ஈரத்துணியால் துடைக்கிறோம்; விளக்குமாறு தூசியைக் கிளப்பி மூக்குக்கே கொண்டுவந்துவிடும். பூனைக்கு மொட்டைமாடியில் சீவிவிடுவது என் வேலை. காயடிக்காத கடுவனுக்கு அந்தப் புரதம் அதிகம் சுரக்கும் என்றார்கள், அதையும் செய்தோம். குளிப்பாட்டியும் பார்த்தேன். கையெல்லாம் கீறல் வாங்கியதுதான் மிச்சம், சில நாளில் பழைய கதைதான்.

கஷ்டமானது படுக்கையறைக் கதவைச் சாத்தியதுதான். ஒன்பது ராத்திரி அவன் வெளியே கத்தினான், இவள் உள்ளே அழுதாள். இன்றைக்கும் அந்த அறைக்குள் அவனுக்கு அனுமதி இல்லை.

தினமும் இன்ஹேலர் உண்டு. "பழகிவிடும்" என்று பயமுறுத்திய சொந்தக்காரர்களை டாக்டரிடமே பேசச் சொல்லிவிட்டேன். இப்போதும் பூனை மேல் முகத்தைப் புதைத்தால் அவள் கண் சிவக்கும். ஊதிப் பார்க்கிற சோதனையில் மூச்சின் அளவு இறங்கினால் பூனை வேறு வீட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருக்கிறார். அதற்கும் சம்மதித்திருக்கிறோம், லால்குடித் தங்கை தயாராக இருக்கிறாள்.

என் வேண்டுகோள் சின்னது. "அப்புறப்படுத்துங்கள்" என்றால் எங்கள் தெருவில் அதற்கு மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விடுவது என்றே அர்த்தம். பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அடுத்த முறை அந்தப் பதிலில் ஒவ்வாமைப் பரிசோதனை பற்றி ஒரு வரியும், மெத்தையைப் பற்றி ஒரு வரியும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
பொன்மலை, திருச்சி.