ஹட்டனிலிருந்து தோழிக்கு: ஒரு கோப்பி இலையின் கதை

அன்புள்ள தோழிக்கு,

கோத்தகிரியிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் சுகம். ஹட்டனில் மழைதான் விடுவதாயில்லை.

இன்னும் பள்ளிக்கூடம் போகிறாயா என்று கேட்டிருந்தாய். போகிறேன். நாம் படித்த அதே கன்னியர் மடப் பள்ளியில் தரம் 10க்கும் 11க்கும் விஞ்ஞானம் எடுக்கிறேன். இந்தத் தவணை அங்கே நடந்ததை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பங்கசு பாடம் வந்தது. பாண் பூஞ்சணத்தைக் காட்டி முடித்துவிடலாம்தான். ஆனால் வரலாறு படிப்பிக்கும் சிஸ்டர், "டீச்சர், கோப்பித் துரு நோயை எடுங்கள், பின்னாலேயே நான் வருகிறேன்" என்றார். அப்படியே செய்தோம்.

1869இல் இலங்கை மலைநாட்டின் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி தெரிந்தது. அதுதான் ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ், துரு நோயைத் தரும் பங்கசு. மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி 1880இல் இங்கே வந்து, அதன் வித்திகள் காற்றில் பரவுவதையும், இலையில் தங்கும் நீர்த்துளியில் முளைத்து உள்ளே நுழைவதையும் கண்டறிந்தார். மலை மலையாக ஒரே பயிர். காற்றைத் தடுக்க இடையில் காடும் இல்லை. அப்புறம் நோய் எங்கே நிற்கும்? பிள்ளைகள் கண்ணாடித் தகட்டில் வஸ்லின் பூசி ஜன்னலோரம் வைத்தார்கள். மறுநாள் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஏதேதோ வித்திகள், மகரந்தம், தூசு. ஒருத்தி எழுந்துபோக மறுத்துவிட்டாள்.

அதே வாரம் சிஸ்டரின் பாடம். கோப்பிக் காலத்தில் நம் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்தார்கள். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக் காடு வழியாக நடந்தே வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்ததும் நிலைமை மாறிவிட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர்தான் கடைசியில் மலையை மூடியது. தேயிலையில் வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கினார்கள். வந்து போன கூட்டம் குடியிருக்கும் சனமானதில் அந்தப் பொடிக்கும் பெரிய பங்கு உண்டு.

இதைக் கேட்டபோது வகுப்பு அமைதியாகிவிட்டதாம். விஞ்ஞானத்தில் பார்த்த வித்தியும் தங்கள் பாட்டனின் பெட்டிப் படுக்கையும் ஒரே கதையில் வரும் என்று அவர்கள் நினைத்திருக்கவில்லை. பாடப் புத்தகத்தில் குளங்களும் மன்னர்களும் விரிவாக வருகிறார்கள், வரட்டும், அதுவும் நம் நாட்டு வரலாறுதான். நம்மவர் வரும் இடம் மட்டும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அந்தக் குறையை விஞ்ஞான வகுப்பிலும் நிரப்பலாம் என்பது எனக்கு இப்போதுதான் உறுதியாகப் பிடிபட்டது. இரண்டு பாடத்தையும் தனித்தனி அறையில் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

கத்தோலிக்கப் பாடசாலை என்பதால் இன்னொரு வசதியும் உண்டு. பட்டாணிச் செடியில் மரபுரிமையைக் கண்ட மெண்டல் ஒரு துறவி. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927இல் எழுதிய லெமெத்ர் ஒரு குருவானவர். விஞ்ஞானம் படித்தால் சாமி கும்பிடக் கூடாதா என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் இவர்களைத்தான் சொல்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள், அவர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. இங்கே மறைபணி செய்த குருவானவர் ஜோசப் வாஸ் அடிகளாரை சிஸ்டர் எடுத்தபோது, 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி அவர் நோயாளிகளைப் பராமரித்த பகுதியில் நிறுத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஜென்னரின் அம்மைப்பால் வர இன்னும் நூறு வருடம் இருந்த காலம் அது. நோய் எப்படித் தொற்றும், பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கு என்ன ஆபத்து என்று விளக்கினேன். அதற்குப் பிறகு அந்த மனிதரின் துணிவை நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சரி, உன்னிடம் இரண்டு உதவி. அடுத்த தவணை சிஸ்டர், நம்மவரை நாடற்றவராக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்தையும், அவர்களை இரு நாடுகளுக்கும் பிரித்த 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் எடுக்கப்போகிறார். 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள், அதில் ஒருத்தி என் பக்கத்து இருக்கையில் இருந்தாள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். தலைமன்னாரில் கப்பலேறியது, இராமேஸ்வரத்தில் இறங்கியது, கையில் என்ன கொண்டு போனீர்கள், முதல் வேலை எங்கே, எல்லாம் உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு. எது சொல்ல விருப்பமில்லையோ அதை விட்டுவிடு.

மற்றது, உங்கள் பக்கம் காப்பித் தோட்டம் இருக்கிறதே, மழை முடிந்ததும் இலைகளைத் திருப்பிப் பார். செம்மஞ்சள் புள்ளி இருந்தால் கிட்டவாக ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடு. இலையை மட்டும் தபாலில் அனுப்பிவிடாதே, வித்தியும் கூடவே கடல் தாண்டும்.

பேத்திக்கு என் முத்தம். அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி