செயினும் பலகையும் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். போடியில் வெயில்தான், போடிமெட்டுக்கு மேலே மட்டும் இருட்டிக்கொண்டே இருக்கிறது. சூரியநெல்லிப் பக்கம் உன் ஜீப் சேற்றில் நின்றதைப் பூப்பாறைக்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்து சொன்னார். நீயோ "கொஞ்சம் சிக்குச்சு, எடுத்துட்டோம்" என்று சொல்லிப் போனை வைத்தவன், அதற்கப்புறம் எடுக்கவில்லை. சரி, ஏலக்காய் எடுக்கிற நேரம், வேலை இருக்கும்.

வண்டியை இழுக்கிற கயிற்றை பம்பரில் கட்டவிடாமல் அடிச்சட்டத்து (சேஸ்) கொக்கியில் மாட்டச் சொன்னது நீதான் என்றார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் வண்டி ஆக்சில் வரை இறங்கிய பிறகுதான் முன் சக்கரத்து நடுவில் இருக்கிற ஹப் லாக்கைப் போடப் போனாயாமே. ஹப் சேற்றுக்குள் போய்விட்டால் தோண்டாமல் கை நுழையாது. தார் முடிகிற இடத்திலேயே இறங்கி இரண்டு பக்கமும் லாக்கில் திருப்பு. ஒரு பக்கம் விட்டுப்போனாலும் முன் சக்கரம் இழுக்காது. நாலு வீல் போட்டும் பின் சக்கரம்தான் சுற்றும். லோ கியருக்கு வண்டியை நிறுத்தி மாற்று. திரும்பத் தார் ஏறியதும் நாலு வீலை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் போடிமெட்டின் 17 வளைவையும் காய்ந்த ரோட்டில் இறங்கினால், நாலு வீலுக்கும் இழுப்பைப் பிரிக்கிற கேஸுக்குள் பல் இறுகி லிவர் அசையாது.

சேற்றைப் பார்த்ததும் நிறுத்து. கம்பை எடுத்துக்கொண்டு நடந்து போய்க் குத்திப் பார். மேலே குழம்பு, அடியில் கல் என்றால் பயமில்லை. நம் ஒல்லி டயர் குழம்பைக் கிழித்துக்கொண்டு அடியைப் பிடிக்கும். கம்பு இறங்கிக்கொண்டே போனாலோ, நடுமேடு, ஆக்சில் நடுவில் உருண்டையாகத் தொங்கும் கிரவுனில் தட்டுகிற உயரம் இருந்தாலோ அந்தத் தடத்தில் போகாதே. காற்றை 30லிருந்து 20க்கு இறக்கலாம். அதற்குக் கீழே வேண்டாம். நம்முடையது டியூப் டயர், ரிம்மில் டயர் நழுவினால் டியூபையும் இழுத்து வால்வைப் பிய்த்துவிடும். தார் ஏறியதும் காற்றடி.

உள்ளே இறங்குமுன் லோவில் இரண்டாம் கியர். நடுவில் கியர் மாற்றாதே, கிளட்சைத் தொடாதே, ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வை. வேகம் குறைகிறபோது ஸ்டியரிங்கை இடம் வலமாகக் கொஞ்சம் ஆட்டு, டயரின் ஓரம் புது மண்ணைக் கவ்வும். வண்டி நின்று சக்கரம் மட்டும் சுற்றினால் உடனே காலை எடு. நீ மிதிக்க மிதிக்கத் தோண்டுவது உன் குழியைத்தான். வந்த தடத்திலேயே ரிவர்ஸில் வெளியே வா. இறக்கத்தில் லோவில் முதல் கியர், பிரேக்கில் கால் வேண்டாம்.

முக்கியமானது பாரம். ஆள் ஏற்றிய ஜீப்பில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் வரை பாரம் பெரும்பாலும் பின் ஆக்சில் மேலும் அதற்குப் பின்னாலும் விழுகிறது. முன்பக்கம் லேசாகி, ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேரே போகும். சரிவான இடத்தில் ஒரு பக்கம் டயர் இறங்கினால் பாரம் அந்தப் பக்கமே சாயும். சித்தி இன்னும் மழை நாளில் ஜீப் பேச்சு எடுப்பதில்லை, உனக்குத் தெரியும். சேற்றுக்கு முன்னால் அத்தனை பேரையும் இறக்கி நடக்கவிடு. மழை, அட்டை, நேரமாகிவிட்டது, கங்காணி திட்டுவார் என்று யார் சொன்னாலும் இறக்கிவிடு.

இறங்கியவர்களைத் தள்ளச் சொல்லாதே. சக்கரம் பிடித்ததும் வண்டி துள்ளும், தள்ளுகிறவர்கள் முகம் குப்புற விழுவார்கள். பிடிக்காவிட்டால் பின்னால் உருளும், அந்தச் சேற்றில் யாராலும் காலைப் பிடுங்கி ஓட முடியாது. கயிறு இழுக்கும்போதும் அப்படித்தான். கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும், வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளும் சேர்த்து. ஒயர் ரோப் என்றால் நடுவில் ஈரச் சாக்கைப் போடு. அறுந்தால் அது வீசுவதைக் கொஞ்சம் குறைக்கும்.

ஜாக்கி வைக்கும்போது இன்னும் கவனம். உன் வண்டியின் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கேஸுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்குப் போகிற ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கினால் கிரவுன் அந்தச் சக்கரத்தைச் சும்மா சுற்றவிடும், ஹேண்ட்பிரேக் போட்டபடியே வண்டி உருளும். இது தெரியாமல் அடியில் படுப்பவர்கள் உண்டு. ஹப் லாக்கில், நாலு வீல் லோவில் இருக்க வேண்டும். மற்ற சக்கரங்களுக்கு இரு பக்கமும் கல் கொடு. ஜாக்கிக்கு அடியில் ஓரடிச் சதுரப் பலகை வை. டயர் எழும்பியதும் குழியில் கல்லும் கிளையும் போட்டு நிரப்பு. கிரவுனுக்கு அடியில் தங்கிய மண்ணை மண்வெட்டியால் இழுத்து எடு. உள்ளே கையையோ தலையையோ விடாதே. அந்த மண் போகாமல் எத்தனை பேர் இழுத்தாலும் வராது.

பஸ்ஸில் ஒரு சாக்கு வருகிறது. சேற்றில் வழுக்காமல் பின் டயரில் சுற்றுகிற செயின் ஒரு ஜோடி, பலகை, இரண்டு கொக்கி. செயினைச் சேற்றுக்கு முன்னாலேயே கட்டு; நூறடி ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்கு. தளர்ந்த செயின் பிரேக் ஹோஸ் குழாயை அடித்துப் பிய்க்கும். வண்டியை இந்த வாரமே பிரேக் டிரம் கழற்றிக் கழுவு. கிரவுன் ஆயிலைப் பார். டீ நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, வடித்துவிட்டு 90 நம்பர் கியர் ஆயில் ஊற்று. ஆக்சிலின் காற்றுத் துளை, பிரீதர், அடைத்திருக்கிறதா என்றும் பார். ரேடியேட்டரை என்ஜின் பக்கமிருந்து மெதுவாகக் கழுவு.

தம்பி, நீ போன் பண்ணிய அன்று பின்னால் பெண்கள் குரல் கேட்டது. பூப்பாறைக்காரரும் ஒரு பெண்ணுக்குக் காலில் அடி என்று ஆரம்பித்தவர், அம்மா காபி கொண்டு வந்ததும் பேச்சை மாற்றிவிட்டார். நான் அவரிடம் கேட்கவில்லை, உன்னிடம் கேட்கிறேன். யார், எந்த ஊர், எக்ஸ்ரே எடுத்தார்களா? சுளுக்கு என்று சொல்லி எண்ணெய் தேய்த்து எஸ்டேட் லயத்து வீட்டில் படுக்கவைத்திருந்தால் உடனே தேனிக்குக் கூட்டி வா, மெடிக்கல் காலேஜில் காட்டுவோம். செலவை நான் பார்க்கிறேன், எஸ்டேட் பதில் சொல்லும்வரை காத்திருக்காதே. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நீயே நேரில் போய்ச் சொல்ல வேண்டும், ஆள் அனுப்பாதே. துணைக்கு நானும் வருகிறேன்.

கூட்டி வரும்போது உன் ஜீப்பில் வேண்டாம். பூப்பாறையிலிருந்து கார் பிடி, காலை நீட்டிப் பின் சீட்டில் உட்காரவை.

இப்படிக்கு,
அப்பா